ஆறாவது கிளி

அந்த வீட்டில் கொடியிலிருந்து துணி எடுக்கும்போது கிளிகளை எண்ணுவது ஒரு வருடமாக நடந்துவருகிற வழக்கம். மகனின் கல்யாணத்துக்காக மாமியார் தன் கையால் பூத்தையல் போட்ட நீலத் துண்டுகள் ஆறு. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மூக்கோடு ஒரு பச்சைக் கிளி. கண் பூத்துப்போகும்வரை நான்கு மாதம் உட்கார்ந்து தைத்தது. இப்போது கொடியில் ஐந்துதான் காய்கின்றன. ஆறாவது எங்கே போயிருக்கும் என்பதில் மாமியாருக்கு ஐயமே கிடையாது. மருமகள் லாரி ரிப்பேர் ஷெட் நடத்துகிற மெக்கானிக். மெக்கானிக்குக் கை துடைக்கத் துணி வேண்டும். இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது?

அதற்காகச் சண்டை போட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. மாமியார் சண்டைக்காரி அல்ல, கிண்டல்காரி. துணியை மடித்துக்கொண்டே, ஐந்து கிளி வீடு வந்து சேர்ந்துவிட்டது, ஆறாவதுக்கு ஷெட்டில் இன்றைக்கும் வேலை அதிகம் போலிருக்கிறது என்பாள். மருமகள் ஆரம்பத்தில் இரண்டு முறை சத்தியம் செய்து பார்த்தாள். மூன்றாவது முறையிலிருந்து, கிளிக்குச் சீக்கிரம் லீவு கொடுத்து அனுப்புகிறேன் அத்தை என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். இருந்தாலும் செய்யாத குற்றத்துக்குச் சிரிப்பது கொஞ்சம் கசக்கத்தான் செய்தது. கணவன் இதில் யார் பக்கமும் பேச மாட்டான். மாமனாரோ அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். பெண்கள் பேச்சில் தலையிடாத பெரிய மனிதர் என்று மருமகள் நினைத்திருந்தாள்.

மாமனாருக்குச் சொந்தமாக ஒரு பழைய லாரி உண்டு. அதை ஓட்டுகிற நேரத்தைவிடத் துடைக்கிற நேரம் அதிகம். மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் பளிச்சு. காலையில் தன் முகத்தைக் கழுவுவதற்கு முன்னால் எஞ்சினுக்கு முகம் கழுவிவிடுவார். எது ஆடினாலும் கட்டுவார், எது வெளுத்தாலும் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார். அவர் போடும் முடிச்சும் ஊரறிந்தது. இரண்டு சுற்று, நடுவில் ஒரு திருப்பு, நுனி உள்ளே. பல்லால் கடித்தாலும் அவிழாது. வீட்டுத் துணிக்கொடியின் இரண்டு முனையிலும் அதே முடிச்சுதான்.

அப்படிப்பட்ட மனிதரின் வண்டி எண்ணெய் ஒழுக ஆரம்பித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? வெள்ளைச் சட்டையில் மூக்கொழுகிக்கொண்டு சபையில் நிற்பது மாதிரிதான் இருந்தது. ஒரு வருடத்தில் மூன்று பட்டறைக்குப் போனார். முதல் பட்டறையில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்பக்க ரப்பர் சீலை மாற்றினார்கள். பத்து நாளில் முன்பக்கத்தில் ஒழுகியது. இரண்டாவது பட்டறையில் முன்பக்க சீலை மாற்றினார்கள். எஞ்சின் தலையில் இருக்கும் மூடியின் ஓரத்தில் கசிந்தது. மூன்றாவது பட்டறையில் அந்த மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் பட்டையை மாற்றிவிட்டு, இனி ஒழுகினால் எங்கள் பெயரை மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு வாரத்தில் ஒழுகியது. அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

வீட்டுக்குள்ளேயே ஒரு மெக்கானிக் இருக்க, இவர் ஏன் ஊரெல்லாம் அலைந்தார் என்று கேட்டால், மருமகளை வண்டிக்கு அடியில் படுக்கவைப்பது மரியாதையாக இல்லை என்பார். உண்மைக் காரணம் வேறு. வெளிப் பட்டறைக்காரன் தன் அபிப்பிராயத்தைப் பட்டறையோடு வைத்துக்கொள்வான். மருமகளின் அபிப்பிராயம் சாப்பாட்டு மேசைக்கும் கூடவே வந்து உட்காரும். அதுவும் பக்கத்தில் மாமியார் இருக்கிற மேசைக்கு.

ஆனால் இன்றைக்கு வேறு வழியில்லை. அவருக்கு வாடிக்கையான லோடு ஒரே இடத்தில்தான், பால் பவுடர்க் கிடங்கில். அதன் வாசலில் ஒரு காவலாளி பெரிய வெள்ளை அட்டையோடு நிற்பார். உள்ளே நுழைகிற ஒவ்வொரு லாரிக்கும் அடியில் அட்டையைத் தள்ளுவார். எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டு, அட்டையை வெளியே இழுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் வண்டி திரும்ப வேண்டியதுதான். மூன்று முறை திரும்பினால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். மாமனார் இரண்டு முறை திரும்பியாகிவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்குள் மூன்றாவது முறை போய் நிற்க வேண்டும். அறுபதைத் தொடப்போகும் டிரைவரையும், அவரோடு சேர்ந்து வயதான லாரியையும் வேறு எந்தக் கிடங்கும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளாது. பெயர் போனால் அவர் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஆகவே காலையில் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வண்டி இன்று மருமகளின் ஷெட்டுக்குப் போகிறது, இல்லாவிட்டால் தானே ஓட்டிக்கொண்டு போய் விடுவதாக. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் சொன்னால் செய்கிறவள் என்று பெயர் எடுத்திருந்ததால் மாமனார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஷெட்டை மருமகளும் அவளுடைய அண்ணனும் சேர்ந்து நடத்தினார்கள். டயர், பேட்டரி எல்லாம் அண்ணன் பார்ப்பான். எஞ்சின் அவளுடையது. மாமனார் லாரியை உள்ளே நிறுத்திவிட்டு இறங்கி, முதல் வேலையாக இடுப்பில் செருகியிருந்த துடைக்கும் துணியை உருவி எஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தார். விருந்தாளி வருவதற்குள் வீட்டைப் பெருக்கிவிடுகிற அவசரம் அதில் இருந்தது. அவள் போய் அந்தத் துணியை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"துடைக்காதீங்க மாமா."

"அழுக்கா இருக்கேம்மா."

"அழுக்குதான் எனக்கு வேணும். ஆயில் எங்கேருந்து வருதுன்னு அதுதான் சொல்லும். நீங்க தினமும் காலைல சாட்சிய கழுவி விட்டுடறீங்க."

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். மாமனார் ஒரு பழைய டயர் மேல் போய் உட்கார்ந்தார். வண்டிப் பக்கத்தில், கையில் துணி இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடைசியில் மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று பட்டறைக்காரர்களையும் அவள் குறைசொல்லவில்லை. ஈரமாக இருந்த இடத்தில் சீலை மாற்றினார்கள், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் வருகிறது என்பது அவளுக்கு உறுத்தியது. சீல் கெட்டுப்போவது உண்டு. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துக்கொண்டு கெட்டுப்போகாது.

கைப்பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். எஞ்சின் மேலும் பக்கவாட்டிலும் தாராளமாகக் கொட்டித் தட்டிவிட்டாள். கறுப்பு எஞ்சின் வெள்ளையாயிற்று. மாமனார் எழுந்தே விட்டார். முப்பது வருடம் அந்த எஞ்சினை வைத்திருக்கிறார், அதற்கு இப்படி ஒரு அலங்காரம் நடக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. எண்ணெய் ஒரு துளி நகர்ந்தாலும் பவுடரில் தடம் விழும் என்று அவள் விளக்கினாள். எஞ்சினை ஓடவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தார்கள்.

தடம் விழுந்தது, ஒன்றல்ல, மூன்று. தலைமூடியின் ஓரத்திலிருந்து ஒன்று, முன்பக்க சீலிலிருந்து ஒன்று, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் செருகியிருக்கும் துளையிலிருந்து ஒன்று. அந்த டிப்ஸ்டிக்கின் தலையை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தது.

"இது எதுக்கு மாமா?"

"அது தன்னால மேல எழும்பி நிக்குதும்மா. பாக்க நல்லா இல்ல. அதான் கட்டி வச்சேன்."

அவள் வளையத்தைக் கழற்றினாள். டிப்ஸ்டிக் மெதுவாக ஒரு விரலளவு மேலே வந்து எட்டிப் பார்த்தது. உருவித் துடைத்து மறுபடி விட்டு அளவு பார்த்தாள். கோட்டைத் தாண்டி மேலே இருந்தது. ஒழுகுகிறதே என்ற பயத்தில் தினமும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார். பிறகு எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகித் திறந்து, அதே வாயின் மேல் தலைகீழாகச் சும்மா வைத்தாள். மூடி தடதடவென்று ஆடி, எகிறி, கீழே விழுந்து உருண்டது. வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"சீல்ல எந்தக் கோளாறும் இல்ல மாமா. உங்க எஞ்சினுக்கு மூச்சு முட்டுது. உள்ள சேர்ற காத்து வெளிய போக ஒரு குழாய் இருக்கும். அது அடைச்சிருக்கு. போக வழியில்லாம எங்க சந்து கெடைச்சாலும் ஆயில தள்ளிக்கிட்டு வெளிய வருது."

மூன்று பட்டறையையும் காலையிலிருந்து குறைசொல்லிக்கொண்டிருந்தவர், குழாய் என்றதும் வேறு பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தக் குழாய் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார். "அங்க பாக்க ஒண்ணும் இல்ல."

பார்க்க ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்ன இடத்தை எந்த மெக்கானிக்கும் பார்க்காமல் விட்டதில்லை. அவள் ஒரு அட்டையை விரித்து லாரிக்கு அடியில் போய்ப் படுத்தாள். எஞ்சினின் பக்கத்திலிருந்து கிளம்பும் ரப்பர்க் குழாயைக் கையால் தடவிக்கொண்டே கீழே வந்தாள். லாரியின் அடிச்சட்டத்தின் ஓரத்தில் அது முடிய வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு உருண்டை இருந்தது. குழாய், சட்டம், உருண்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயிண்ட் அடித்திருந்ததால், பார்க்கிறவனுக்கு அது குழாயின் நுனி என்றே தோன்றும். மூன்று பட்டறைக்காரனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு சுற்று, நடுவில் ஒரு திருப்பு, நுனி உள்ளே.

பிளேடை வைத்துக் கயிற்று முடிச்சை அறுத்தாள். குழாய் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. அடைத்திருந்த துணியை முழுதாக வெளியே இழுத்தாள். மேல்சுற்று முழுக்கத் தார் மாதிரி கறுத்திருந்தது. பிரித்துக்கொண்டே போனதும் நடுவில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. கடைசி மடிப்பில், ஒரு சிவப்பு மூக்கு.

படுத்த வாக்கிலேயே அவளுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. சத்தம் வராமலிருக்க முன்கையைக் கடித்துக்கொண்டாள். ஒரு வருடம்! ஒரு வருடமாகக் கொடியடியில் நின்று கேட்டுக்கொண்ட ஒவ்வொரு பேச்சும் நினைவுக்கு வந்தது. செய்தித்தாள் ஏன் முகத்துக்கு நேராக ஏறியது என்பதும் இப்போது விளங்கியது. இதை அப்படியே கொண்டுபோய் அத்தையின் முன்னால் வைத்தால் போதும். தான் எதுவுமே பேச வேண்டாம், கிளியே பேசிவிடும்.

தலையைத் திருப்பினாள். லாரிக்கு அந்தப் பக்கம் மாமனாரின் செருப்பு மட்டும் தெரிந்தது. இரண்டும் ஒட்டி நின்றன. ஒரு காலின் பெருவிரல் இன்னொரு காலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்று, பாவமாக இருந்தது. நான்கு மணிக்குப் போய் நிற்க வேண்டிய மனிதர். முப்பது வருடம் ஓட்டிய வண்டியைத் தன் கையாலேயே மூச்சுத் திணறவைத்துவிட்டோம் என்பது அவருக்கு இந்த நிமிடம்தான் தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் அவரைக் குனியவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

செருப்புக்கு மேலிருந்து தணிந்த குரல் வந்தது.

"என்னன்னு பாத்தியாம்மா?"

"பாத்தேன் மாமா."

தூரத்திலிருந்து அண்ணன், என்ன அகப்பட்டது என்று கத்திக் கேட்டான். குழாயில் அடைப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு, கிளியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

அண்ணன் காதில் விழாத தூரத்துக்கு வந்ததும் மாமனார் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். போன வருடம் ஒருநாள் காவலாளியின் அட்டையில் ஒரே ஒரு சொட்டு விழுந்ததாம். அந்த முறை காவலாளி எச்சரித்து உள்ளே விட்டுவிட்டாராம். சொட்டு இந்தக் குழாயின் நுனியிலிருந்து வந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் விடியும் முன் கொடியில் கைக்குக் கிடைத்த துணியை எடுத்துத் திணித்துக் கட்டியிருக்கிறார். பாதி முடிச்சில்தான் கிளியின் மூக்கைக் கவனித்தாராம். அதற்குள் லோடுக்கு நேரமாகிவிட்டது. மாலையில் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மாலையில் வீட்டுக்கு வந்தால், மாமியார் ஏற்கனவே மருமகளைக் கைகாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது?

அவளுக்கு இதில் வேடிக்கையாகத் தெரிந்தது ஒன்றுதான். பழைய எஞ்சினின் மூச்சுக் குழாயில் எப்போதாவது ஒரு சொட்டு வருவது வழக்கம். அந்த ஒரு சொட்டை நிறுத்தப்போய்த்தான் அவர் ஒரு வருடம் ஒழுகவிட்டிருக்கிறார்.

வேலை மூன்று மணிக்கு முடிந்தது. கூடுதலாக இருந்த எண்ணெயை வடித்தாள். அழுத்தத்தில் பிதுங்கிப்போயிருந்த தலைமூடியின் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினாள். சீல்களைத் தொடவே இல்லை. டிப்ஸ்டிக் சொன்ன இடத்தில் அடங்கி உட்கார்ந்தது. அந்த ஒரு சொட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்தாள். தண்ணீர் பாட்டில் ஒன்றின் கழுத்துப் பக்கம் நாலு ஓட்டை போட்டு, உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் வைத்து, குழாயின் நுனியை அதற்குள் விட்டாள். சொட்டு பாட்டிலோடு நின்றுவிடும், காற்று ஓட்டை வழியாகப் போய்விடும். பாட்டிலைச் சட்டத்தோடு கட்ட வேண்டும். மாமனார் கயிற்றை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"கட்டுங்க மாமா. உங்க முடிச்சு மாதிரி எனக்கு வராது. ஓட்டைய மட்டும் விட்டுட்டுக் கட்டுங்க."

அவருக்கு அசடு வழிந்தது. ஆனாலும் கட்டினார். பிறகு அவள் துடைக்கும் துணியைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் முகத்தில் முதல்முறையாக உயிர் வந்தது அப்போதுதான்.

கிடங்குக்கு அவளும் கூடப் போனாள். காவலாளி அட்டையை உள்ளே தள்ளிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம். மாமனார் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நிமிடத்தில் தண்ணீர் குடித்தார். ஆறாவது நிமிடத்தில், அடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதா என்று கேட்டார். எண்ணெய்ச் சொட்டு விழுவது லாரிக்குள் இருப்பவருக்குக் கேட்காது என்று அவள் சொன்னாள். தனக்குக் கேட்கும் என்றார் அவர். அவர் பயந்துபோயிருக்கிறார் என்பது தெரிந்து அவளும் கதவுப் பக்கம் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். ஏதாவது ஒரு சந்தில் மிச்ச எண்ணெய் தங்கியிருந்தால் எல்லாம் போச்சு.

காவலாளி அட்டையை வெளியே இழுத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஆயில் இல்ல," என்றார். "ஆனா என்னங்க இது, பவுடர் வாசன வருது?"

"எஞ்சின் பவுடர் போட்டுட்டு வந்திருக்கு," என்றார் மாமனார். அவர் கிண்டல் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. எந்தப் பட்டறையில் பார்த்தீர்கள் என்று காவலாளி கேட்டதற்கு, அவர் பக்கத்து இருக்கையைக் கைகாட்டினார். "எங்க மருமக."

லோடு ஏற்றி முடித்து வீடு திரும்பும்போது சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தெரு முனையில் மாமனார் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, அவளுடைய சட்டைப் பையை நோக்கிக் கையை நீட்டினார். அவள் கிளியை எடுத்துக் கொடுத்தாள். எங்காவது தூக்கிப் போடத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். போட்டால் போகட்டும், ஒரு வருடம் கேட்டாயிற்று, இன்னும் கொஞ்ச நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டுப் பின்பக்கத்தில் மாமியார் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் பெயர் தப்பியது என்று கேட்டதும் கண் கலங்கியது அவளுக்கு. அதைக் காட்டிக்கொள்ளாமல் முந்தானையால் துடைத்துவிட்டு வழக்கமான வேலைக்குத் திரும்பினாள். கொடியில் இன்னும் எடுக்காமல் இருந்த கிளிகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"இவ்ளோ பெரிய வேல பாத்திருக்கா. ஆறாவது கிளிக்கு இன்னைக்கு ஷெட்டுல இடுப்பு ஒடிஞ்சிருக்கும்," என்றாள்.

அப்போதுதான் மாமனார் முன்னால் வந்தார். கையில் செய்தித்தாள் இல்லை. கறுத்துச் சுருண்ட அந்தத் துண்டை விரித்துக் கொடியில் போட்டார். எண்ணெய் ஏறிய கிளி, வெளுத்த ஐந்து கிளிகளுக்குப் பக்கத்தில் கறுப்பாகத் தொங்கியது. மூக்கு மட்டும் சிவப்பு.

"அவ எடுக்கல," என்றார். "நான்தான் எடுத்தேன். எடுத்து வண்டிக் குழாய்ல அடைச்சேன். வண்டி ஒழுகினதும் அதனாலதான். நீ தினமும் அவள சொல்றப்ப எல்லாம் எனக்குத் தெரியும். வாய தொறக்கல."

மாமியார் கிளியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், பிறகு மருமகளை ரொம்ப நேரம் பார்த்தாள். மடித்த துணிகளை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்து, மருமகளின் கிரீஸ் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். மிச்சமிருந்த கிண்டலைக் கடைசியில் கணவனிடம்தான் தீர்த்துக்கொண்டாள்.

"வண்டி வாயையும் கட்டி, உங்க வாயையும் கட்டிக்கிட்டீங்க. உங்க முடிச்சு நல்ல முடிச்சுதாங்க."

அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாப் பேச்சும் அவர் தலையில்தான் விழுந்தது. கணவன்கூட ஒரு வார்த்தை சேர்த்தான். மாமனார் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மாமனார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தோளில் அந்தக் கறுப்புக் கிளித் துண்டு. துடைக்கவில்லை. வெகுநேரமாகத் துடைக்காமல் நிற்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"நீ ஒரு தடவ பாத்துட்டுப் போம்மா," என்றார். "நீ பாத்த அப்புறம்தான் துடைக்கணும்னு இருக்கேன்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். டிப்ஸ்டிக், தலைமூடி, சீல், கடைசியில் பாட்டில் என்று ஒவ்வொன்றாக, அவர் பார்க்கும்படி நிதானமாகப் பார்த்தாள். எங்கேயும் ஈரம் இல்லை.

"துடைக்க ஒண்ணுமே இல்ல மாமா."

அவர் முகம் வாடிப்போயிற்று. தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. சட்டத்தின் ஓரத்தில் ஒரு இடத்தை விரலால் தொட்டு, இதோ இங்கே கொஞ்சம் தூசி இருக்கிறது என்று காட்டிவிட்டு ஷெட்டுக்கு நடந்தாள்.